இருநூற்றைம்பது சொற்களும் இருபது மல்லாட்டையும்

2023 ஆகஸ்ட் 22, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று முப்பத்தேழு. விடிந்ததிலிருந்து புழுக்கம். செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்கு மேல் காலையிலேயே கறுத்துக் கிடந்த மேகம் பதினொன்றரைக்குக் காற்றும் மழையுமாக இறங்கிவிட்டது. எங்கள் தெரு முனையில் இருக்கும் நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில், சுவரோரமாக நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் முப்பத்துநான்கு பிள்ளைகள். பெண்கள் பத்தொன்பது, பையன்கள் பதினைந்து. ஸ்மார்ட் போர்டில் ஒரு மஞ்சள் பூ திரை முழுவதற்கும் விரிந்திருந்தது. அதற்குள் ஒரு வண்டு போய் வந்தது. ‘மகரந்தச் சேர்க்கைக்குப் பிறகு சூலகம்’ என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. பூ இல்லை, வண்டு இல்லை, குரலும் இல்லை. சாரலுக்காக ஜன்னல்களைச் சாத்தியிருந்ததால் வகுப்பே இருட்டாகிவிட்டது. பதினோரு விநாடி ஒருவரும் பேசவில்லை. பிறகு மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண், வல்லத்துப் பக்கம் நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை, எழுந்து நிற்காமலே கேட்டாள்: “டீச்சர், மல்லாட்டை பூ செடிக்கு மேலதான பூக்குது? காய் மட்டும் இன்னாத்துக்கு மண்ணுக்குள்ள போவுது?”

எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். இந்தக் குறிப்பில் அந்தச் சொல் பல இடங்களில் வரும். யாருக்காகவும் அதை மாற்றுவதாக இல்லை. ஒருமுறை மாற்றிவிட்டுப் பட்டது போதும்.

பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர் தலைமையாசிரியை. ஊரில் எல்லோரும் அவரை ஹெச்.எம். அம்மா என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அறிவியல் ஆசிரியர் இடம் காலியாக இருந்ததால் ஏழாம் வகுப்பு அறிவியலை அவரே எடுத்தார். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அவர் சொன்ன பதில், இருபத்தொன்பது ஆண்டு ஆசிரியப் பணி செய்தவர் வாயிலிருந்து நான் கேட்ட பதில்களிலேயே சின்னது. “தெரியலையே” என்றார். இருட்டில் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு வகுப்பில் நடந்தது நன்றாகக் கேட்டது. பூசணிக்கு மட்டும் ஏன் இரண்டு மாதிரிப் பூ, மழையில் நனைந்த பூவுக்கு வண்டு வருமா, வண்டே இல்லாத ஊரில் மாமரம் காய்க்குமா, பூவுக்கு வலிக்குமா. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வந்தன. கரண்ட் திரும்ப வந்தது பதினொன்று ஐம்பத்தொன்பதுக்கு. பூவும் வண்டும் விட்ட இடத்திலிருந்து கிளம்பின. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் ஏன் அங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டும். உயர்நிலைப் பள்ளி அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டு எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளிச் சுவருக்கும் என் வீட்டுச் சுவருக்கும் நடுவே ஏழடி. எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க வராது. படிகளை எண்ணுவேன், பஸ்ஸில் இருக்கும் தலைகளை எண்ணுவேன், சாம்பாரில் விழுந்த முருங்கைத் துண்டுகளையும் எண்ணிவிடுவேன். “ஊர்ல இருக்கிறதையெல்லாம் எண்ணுறீங்க, பிரஷர் மாத்திரைய மட்டும் எண்ண மறந்துடுறீங்க” என்பது என் மனைவியின் தீராத புகார். ஸ்மார்ட் போர்டு வந்தபோது, அது தினம் எத்தனை நிமிடம் ஓடியது என்று ஒரு பதிவேடு எழுத வேண்டும் என்று உத்தரவும் கூடவே வந்தது. ஆசிரியர்களுக்கு அதற்கு நேரமில்லை. ஹெச்.எம். அம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். “கிளார்க் சார், சும்மா உக்காந்து காக்காயத்தான எண்ணிக்கினு இருக்கீங்க, இங்க வந்து நிமிஷத்த எண்ணுங்க.” அப்படித்தான் என் எழுபத்தோராவது வயதில் மறுபடி ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்கு மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகு அவர் கடைசி பெஞ்சுக்கு வந்தார். “ஓடுன நிமிஷம் எவ்ளோ?” என்றார். பதினேழு என்றேன். “நின்னப்போ எத்தன கேள்வி வந்துச்சு, அத எண்ணினீங்களா?” எண்ணியிருந்தேன். இருட்டில் எழுத முடியவில்லை. என் ஜிப்பாவுக்கு இரண்டு பை. இடப்பையில் வறுத்த மல்லாட்டை இருந்தது. ஒரு கேள்விக்கு ஒன்று என்று இடப்பையிலிருந்து எடுத்து வலப்பைக்கு மாற்றிக்கொண்டே வந்திருந்தேன். வலப்பையை மேசைமேல் கவிழ்த்தேன். பதினான்கு. அவர் அதை ஒரு விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “மண்ணுக்குள்ள விளையிறதாச்சே, நீங்க தின்னலாமா?” என்று சீண்டினார். நாங்கள் சமணர்கள். கிழங்கு தொட மாட்டோம், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம் என்பது அவருக்குத் தெரியும். “மல்லாட்டை கிழங்கு இல்ல டீச்சர், விதை” என்றேன். “எதுவோ ஒண்ணு. எண்ணிக்கைய மட்டும் தின்னுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் எண்ணினோம். மொத்தம் பதினெட்டு வகுப்புகள். படம் தடங்கலில்லாமல் ஓடிய நாளில் ஒரு கேள்வி, மிஞ்சினால் இரண்டு. கரண்ட் போன நாட்கள் ஆறு. அந்த ஆறில் ஒன்றிலும் ஒன்பதுக்குக் குறையவில்லை. ‘அப்படியானால் படத்தை நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டியதுதானே’ என்று கேட்பவர்களுக்கு: அதையும் செய்தார். நான்கு வகுப்பில் நடுவே அவரே பொத்தானை அழுத்தி நிறுத்தினார். மூன்று, நான்கு, மூன்று, இரண்டு. நிறுத்திய படம் திரையில் அப்படியே நிற்கிறது. அது மறுபடி ஓடும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஓடட்டும் என்று காத்திருக்கிறார்கள். கரண்ட் போனால் அப்படி இல்லை. அது எப்போது வரும் என்று டீச்சருக்கும் தெரியாது. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தவர் அவர்தான், நான் இல்லை. “எனக்கும் தெரியாதுன்னு புள்ளைங்களுக்குத் தெரியணும் சார். அப்பத்தான் வாயத் தொறக்குதுங்க” என்றார். எண்கள் என்னிடம் இருந்தன. அவை என்ன சொல்கின்றன என்பது அவரிடம் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய போனுக்கு அந்த அறிவிப்பு வந்தது. சென்னையில் நவம்பரில் ஒரு மாநாடு. பள்ளிகளில் டிஜிட்டல் கற்றல். ஆசிரியர்கள் தங்கள் அனுபவத்தை மேடையில் பதினைந்து நிமிடம் பேசலாம். அதற்கு முன் இருநூற்றைம்பது சொற்களுக்கு மிகாமல் ஒரு முன்மொழிவு அனுப்ப வேண்டும், தமிழிலும் அனுப்பலாம். கடைசி நாள் செப்டம்பர் 30, சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. இருபத்தொன்பது ஆண்டில் அவரை ஒருவரும் ஓரிடத்திலும் பேசக் கூப்பிட்டதில்லை. பயிற்சிக் கூட்டங்களில் வரிசையாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார், அவ்வளவுதான். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. “ஒரு தடவ நாம சொல்றத அவங்க உக்காந்து கேக்கட்டுமே” என்றார். ஆசைப்பட்டுக் கேட்கிறவரின் குரலாக அது இல்லை. தனக்கு வரவேண்டியதைக் கேட்கிறவரின் குரல் அது.

தலைப்பை அவர் வைத்தார்: ‘கரண்ட் போனபோது கேட்ட கேள்விகள்’. உள்ளே இருப்பதை இருவரும் சேர்ந்து எழுதினோம். முதல் படியில் இருநூற்று எண்பத்தொரு சொற்கள். முப்பத்தொன்று அதிகம். ஒரு கருத்தையும் வெட்ட அவர் விடவில்லை. நான் வெட்டவில்லை, சேர்த்தேன். ‘கேட்டுக் கொண்டே இருந்தார்கள்’ என்று பிரித்தால் மூன்று, ‘கேட்டுக்கொண்டேயிருந்தார்கள்’ என்று சேர்த்தால் ஒன்று. ‘வந்து விட்டது’ இரண்டு, ‘வந்துவிட்டது’ ஒன்று. இலக்கணத்தில் இடம் இருக்கிறது, நான் ஒன்றும் திருடவில்லை. ஒரு முழு மாலை உட்கார்ந்து முப்பத்தொரு சொற்களைக் கரைத்தேன். சரியாக இருநூற்றைம்பது. பார்த்துவிட்டு அவர் அப்படிச் சிரித்தார். “ஒரு எழுத்த விடாம உள்ள ஏத்திட்டீங்களே சார், தீபாவளிக்கு முந்தின நாள் ஷேர் ஆட்டோ மாதிரி!”

இந்த நேரத்தில் மேலலுவலகத்திலிருந்து ஒருவர் பள்ளிக்கு வந்தார். சின்ன வயது, மரியாதை தெரிந்தவர், அவரைக் குறை சொல்லி எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. பள்ளியின் பெயரில் முன்மொழிவு போக வேண்டுமானால் அவர் பரிந்துரைக் கையெழுத்துப் போட வேண்டும். தாளை இரண்டு முறை படித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “மேடம், ஐடியா சூப்பர். ரெண்டே ரெண்டு எடத்துல கைவச்சா போதும். கரண்ட் போச்சு, கரண்ட் போச்சுன்னு வருது பாருங்க, அத ‘இடைவேளை’ன்னு போட்டுடலாம். அப்புறம் இந்த மல்லாட்ட. டிஜிட்டல் மாநாட்டுல போய் மல்லாட்டையால எண்ணினோம்னு சொன்னா சிரிப்பாங்க மேடம்.”

“சிரிக்கட்டும். சிரிச்சா கேக்குறாங்கன்னு அர்த்தம்” என்றார் ஹெச்.எம். அம்மா.

“உங்களுக்கு எட்டு மாசம்தான இருக்குது மேடம்? எதுக்கு டென்ஷன்?”

அவர் மிரட்டிச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். ஆனால் எட்டு மாதம் என்ற சொல் என்னை விடவில்லை. முப்பத்திரண்டு ஆண்டு அலுவலகத்தில் இருந்தவன் நான். ஒரு கையெழுத்துக்காகப் பதினான்கு மாதம் ஒரே அலமாரியில் தூங்கிய பென்ஷன் கோப்பை என் கையாலேயே தூசி தட்டியிருக்கிறேன். ஒரு சின்ன விளக்கக் கடிதம், பதிவேட்டில் ஒரு சந்தேகம், போதும். ஹெச்.எம். அம்மாவின் கணவர் இறந்து ஆறு வருடம். வருமானம் என்று அது ஒன்றுதான். மூன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. நான்காம் நாள், செப்டம்பர் 30 காலை, பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு டைப் அடிக்கத் தாளை எடுத்துக்கொண்டு போனபோது, அவரைக் கேட்காமல் நானே இரண்டு இடத்திலும் கை வைத்தேன். அதை இப்போது எழுதவும் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், கணக்கு என்றால் எல்லாம் வரவேண்டும்.

மதியம் இரண்டே முக்காலுக்குத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனா முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணினார். அவர் எதையாவது எண்ணி நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் பழக்கம் அவருக்குத் தொற்றியிருந்தது. கடைசிச் சொல்லுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“எரநூத்தி நாப்பத்தாறு இருக்குது. நாலு வார்த்த எங்க சார்?”

‘ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மல்லாட்டையை இடப்பையிலிருந்து வலப்பைக்கு மாற்றி எண்ணினோம்’ என்ற எட்டுச் சொல் வாக்கியம் இருந்த இடத்தில், ‘கேள்விகளைத் தகுந்த கருவிகொண்டு எண்ணினோம்’ என்று நான்கு சொற்கள் இருந்தன. கரண்டை இடைவேளையாக்கியதில் சொல்லுக்குச் சொல் சரியாகப் போய்விட்டது. அது எண்ணிக்கையில் தெரியாது. மல்லாட்டைதான் காட்டிக்கொடுத்தது.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “இன்னா கருவி சார் அது? எனக்குக் காட்டுங்க” என்றார். “பையில இருக்குதில்ல? எடுத்து வைங்க மேசை மேல.” ஒரு மல்லாட்டையை எடுத்து வைத்தேன். “இதுக்கு இன்னா பேரு?” முதல் வகுப்புப் பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்டார். சொன்னேன். “அதத்தான எழுதினோம்? எனக்கு வர்ற பென்ஷனுக்கு நீங்க பயப்படுறீங்க, சரி. ஆனா ஒரு புள்ள இருட்டுல உக்காந்துக்கினு மல்லாட்டைக்கு இன்னாத்துக்கு அப்படின்னு கேட்டுச்சு. அது பேரு மாத்திக் கேக்கல. நீங்களும் நானும் சேந்து அறுவது வருஷம் பேரு மாத்திப் பேரு மாத்தித்தான் சார் எழுதியிருக்கோம். வராத புள்ளைய வந்துச்சுன்னு, ஓடாத மெஷின ஓடுச்சுன்னு. இது ஒண்ணாவது நடந்தது நடந்தமாதிரி போவட்டும்.”

எனக்கு அப்போது எழுபத்தொன்று, அவருக்கு ஐம்பத்தொன்பது. யார் யாரிடம் திட்டு வாங்குவது என்பதற்கு வயது வரம்பு கிடையாது என்று அன்று தெரிந்துகொண்டேன். பரிந்துரைக் கையெழுத்து இல்லாமலும் அனுப்பலாம், ‘தனிநபர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போடலாம் என்று அவர்தான் சொன்னார். இருவரும் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தோம். நானூற்றுப் பன்னிரண்டு அடி. எண்ணிக்கொண்டே போனதால் அழவில்லை.

கடைக்காரப் பெண் பழைய வாக்கியத்தை மறுபடி அடித்து முடித்தபோது மணி நான்கு பன்னிரண்டு. படிவத்தைத் திறந்ததும் கரண்ட் போயிற்று. நான் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணிக்குப் படிவம் மூடிவிடும். கடைக்காரப் பெண் கையில் தாளை வைத்து விசிறிக்கொண்டிருந்தாள். விசிறுவதை நிறுத்திவிட்டு அதைப் படித்தாள். “டீச்சரம்மா, நெஜமாவே இன்னாத்துக்கு மண்ணுக்குள்ள போவுது?” என்றாள். ஹெச்.எம். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு மல்லாட்டையை வலப்பைக்கு மாற்றினேன். அந்த இருபத்தேழு நிமிடத்தில் அவளிடமிருந்து ஐந்து. நான்கு முப்பத்தொன்பதுக்குக் கரண்ட் வந்தது. நான்கு ஐம்பத்தொன்றுக்கு, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு, “போய் சேரு” என்று சொல்லி அவரே பொத்தானை அழுத்தினார்.

அக்டோபரில் பதில் வந்தது. ஏற்கப்படவில்லை. காரணம் இரண்டு: எண்ணிய முறை அறிவியல் முறையாக இல்லை, மின்தடை மாநாட்டின் கருப்பொருளில் வராது. நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு போனேன். அவர் அந்தப் பதிலை ஜெராக்ஸ் எடுத்து, பக்கத்திலேயே எங்கள் இருநூற்றைம்பது சொற்களையும் வைத்து, பள்ளி அறிவிப்புப் பலகையில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். “பெத்தவங்க படிக்கட்டும். எத நம்புறதுன்னு அவங்க பாத்துக்கட்டும்” என்றார். பிறகு போனை எடுத்து எதையோ காட்டினார். பேசத்தான் அழைப்பில்லை. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பார்வையாளராக வரலாம். ஆளுக்கு ஐந்நூறு. “வரீங்களா?” என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் ஐந்நூறு என்ற எண் என் காதில் விழுந்தது.

நவம்பர் 18, சனிக்கிழமை. விடியற்காலை முதல் பஸ். என் இடப்பையில் எண்ணி எடுத்த இருபது மல்லாட்டை. குளிரூட்டிய அரங்கம், முந்நூற்றிருபது நாற்காலி, பாதிக்கு மேல் ஆள். சாப்பாட்டுக்கு முன் ஆறு பேர் பேசினார்கள். எல்லோர் திரையிலும் சிரித்த முகத்தோடு பிள்ளைகள். ஒவ்வொருவர் முடித்ததும் ‘கேள்விகள் இருந்தால் கேட்கலாம்’ என்றார்கள். ஐந்து பேர் முடித்தபிறகும் என் வலப்பை காலி. ஆறாமவருக்கு ஒரு கேள்வி வந்தது: “சார், இந்த பிபிடிய மெயில்ல அனுப்புவீங்களா?” அதைக் கேள்வியில் சேர்ப்பதா என்று எனக்குக் குழப்பம். ஒரு மல்லாட்டையை உடைத்துப் பாதியை வலப்பையில் போட்டேன். மீதிப் பாதியை வாயில் போட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தேன். ஹெச்.எம். அம்மா எழுந்து நின்றிருந்தார். ஒலிவாங்கி அவரிடம் வரும்வரை காத்திருக்கவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கிற குரல் அவருக்கு.

“ஒரு கேள்வி. மல்லாட்டைப் பூ செடிக்கு மேல பூக்குது. காய் மண்ணுக்குள்ள போயி காய்க்குது. ஏன்?”

சிலர் சிரித்தார்கள். மேடையில் இருந்தவர் குனிந்து தாளைப் பார்த்தார். “மேடம் எந்த இன்ஸ்டிட்யூஷன்?”

“செஞ்சி.”

“இது நம்ம தீம்ல வராதே மேடம்.”

“இதான் தீம். ஒங்க ஸ்கிரீன அணச்சா புள்ளைங்க இதத்தான் கேக்கும். எனக்கு பதில் தெரியாது. இத்தன பேர் இருக்கீங்க, யாருக்காவது தெரியுமா?”

தெரியவில்லை. முந்நூற்றிருபது நாற்காலிக்கும் தெரியவில்லை. என் கணக்கில் பதினான்கு விநாடி. எங்கள் ஏழாம் வகுப்பைவிட மூன்று விநாடி அதிகம். மேடைக்காரர் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று அறிவித்தார். ஹெச்.எம். அம்மா உட்கார்ந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “முடிஞ்சுது சார், நம்ம பதினஞ்சு நிமிஷம்” என்றார். முடியவில்லை. தட்டு எடுக்கப் போன இடத்தில் இரண்டு ஆசிரியைகள் அவரை நிறுத்தினார்கள். பிறகு நான்கு பேர். பிறகு ஒரு கூட்டமே. மெய்யாகவே ஏன் போகிறது? நீங்கள் எத்தனை வகுப்பில் பார்த்தீர்கள்? தெரியாது என்று சொன்னால் பிள்ளைகள் மதிப்பார்களா? எப்படி எண்ணினீர்கள்? கடைசிக் கேள்விக்கு அவர் என்னைக் கை காட்டினார். நான் வலப்பையைத் திறந்து காட்டினேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அதன் பிறகும் கேள்விகள் வந்துகொண்டேயிருந்தன. ஒரு கட்டத்தில் இடப்பையில் கை விட்டேன், ஒன்றும் இல்லை. கொண்டுபோன சரக்கு தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த கேள்விகளை நான் எண்ணவில்லை. என் நினைவு தெரிந்து நான் எண்ணாமல் விட்டது அவை மட்டும்தான்.

சாப்பாட்டில் எல்லாவற்றிலும் உருளைக்கிழங்கு. நான் இரண்டு கரண்டி மோர் குடித்தேன். அவர் தட்டைக் கையில் பிடித்தபடியே நாற்பது நிமிடம் பேசினார். இரண்டரை மணி பஸ் பிடித்தோம். செங்கல்பட்டில் ஒரு மணி நேரம் நெரிசல். திண்டிவனத்துக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது மணி ஐந்து முப்பத்திரண்டு. சூரியன் பனைமரங்களின் மட்டத்துக்கு இறங்கிவிட்டது. காலையில் நான்கு இட்லியோடு கிளம்பியவன் நான். என் கை வலப்பை வரைக்கும் போய்த் திரும்பியது. அவர் பார்த்துவிட்டார்.

“சார், இன்னும் எட்டு நிமிஷம்தான். அப்புறம் காலைல வரைக்கும் பச்சத் தண்ணிகூட குடிக்க மாட்டீங்க. பையில இருக்கிறத சாப்பிடுங்க.”

“அது எண்ணிக்கை” என்றேன்.

“எத்தன?”

“பத்தொன்பதரை.”

“அரை இன்னா சார் அரை?” பிபிடி கேட்டவரைப் பற்றிச் சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். “பத்தொம்பதர. எனக்கு ஞாபகம் இருக்கும். நீங்க உடைங்க. அந்த அரைய மட்டும் எனக்குக் குடுங்க, அது வேணாத கேள்வி, நான் தின்னுடுறேன்.”

தின்றோம். மாநாடு வேண்டாமென்று சொன்ன எங்கள் ஆதாரம் முழுவதையும், சூரியன் மறைவதற்கு இரண்டு நிமிடம் முன்பு, ஓடும் பஸ்ஸில் உரித்துத் தின்று முடித்தோம். தோலை மட்டும் வலப்பையில் போட்டுக்கொண்டேன்.

நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. மறு வருடம் மே மாதம் அவர் ஓய்வு பெற்றார். பென்ஷன் வந்துகொண்டிருக்கிறது. தன் ஊரில், அரை ஏக்கரில், ஆள் வைத்து மல்லாட்டை போட்டிருக்கிறார். போன மாதம் போன் செய்தார். காலை ஆறு மணியிலிருந்து வரப்பில் உட்கார்ந்து பூவுக்கு அடியிலிருந்து ஊசிமாதிரி ஒன்று மண்ணைத் தேடிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். “ஏன் போவுதுன்னு புஸ்தகத்துல இப்ப படிச்சுட்டேன் சார். ஆனா யாருகிட்டயும் சொல்லல. கேக்கட்டும்” என்றார். எனக்கும் சொல்லவில்லை. நானும் கேட்டுப் பார்த்தேன்.

பள்ளியில் இந்த ஜூனில் இன்வெர்ட்டர் வைத்துவிட்டார்கள். மழை வந்தாலும் காற்று வந்தாலும் பூவும் வண்டும் நிற்பதில்லை. நான் இன்னும் செவ்வாய்க்கிழமை தோறும் கடைசி பெஞ்சில் உட்காருகிறேன். பதிவேட்டில் நாற்பதுக்கு நாற்பது நிமிடம் என்று நானே எழுதுகிறேன். வலப்பையில் ஒன்று விழும், சில நாள் அதுவும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டரின் சுவிட்ச் கதவுக்குப் பின்னால், தரையிலிருந்து நான்கடி மூன்றங்குலத்தில் இருக்கிறது. என் பெஞ்சிலிருந்து இரண்டு எட்டு. போன செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்று முப்பத்தேழுக்கு, நல்ல வெயிலில், ஏழாம் வகுப்பின் ஸ்மார்ட் போர்டு அணைந்தது. புதிய தலைமையாசிரியர் கதவுப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பிள்ளைகளைப் பார்த்து, “எப்ப வரும்னு எனக்குத் தெரியலையே” என்றார். பதினாறு வந்தது.

அந்த முன்மொழிவுக்காக டைப் அடித்தது, மாற்றி அடித்தது, மாற்றியதை மறுபடி மாற்றி அடித்தது, மாநாட்டுக் கட்டணம், போகவர பஸ், ஷேர் ஆட்டோ, ஒரு டீ, எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து போனது தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு ரூபாய். அதில் மல்லாட்டை இருபது ரூபாய். பெயர் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.